அப்பாக்களிடம் கேட்கப்படாத கேள்வி

அன்பு மருமகனுக்கு,

ஒருநாள் நிறுவனத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தே தீருவேன் என்று எழுதியிருந்தாய். நல்ல ஆசை. அதில் உட்கார்ந்து, நன்றாக நடத்திக்கொண்டிருந்தபோதே எழுந்துவிட்ட ஒருவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மேக்ஸ் ஷிரெசன், மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். தலைமையகம் நியூயார்க்கில், மனைவியும் மூன்று பிள்ளைகளும் கலிஃபோர்னியாவில். இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டம். 2014-இல் அவர் போன வேகத்துக்கு, ஆண்டு முடிவதற்குள் 3 லட்சம் மைல் பறந்திருப்பார். பூமியைப் பன்னிரண்டு முறை சுற்றும் தூரம் அது! மகனுக்குத் திடீரென அறுவை சிகிச்சை நடந்தபோது அப்பா பயணத்தில் இருந்தார். மனைவியோ ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர், பேராசிரியர். அவருடைய வேலையும் எளிதல்ல.

அந்த ஆகஸ்ட்டில் ஷிரெசன் பதவி விலகுவதாக அறிவித்தார். காரணத்தை விளக்கும்போது ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் தலைமை அதிகாரி மேரி பாராவிடமும், நம் சென்னையில் பிறந்து பெப்சிகோவை நடத்திய இந்திரா நூயியிடமும் பிள்ளைகளையும் பதவியையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தன்னிடம் கார் பற்றியும் இசை பற்றியும் கேட்டவர்கள், இதை மட்டும் கேட்டதே இல்லை என்றார்.

யாரும் கேட்காததைத் தன்னிடம் தானே கேட்டுக்கொண்டாரே, அதுதான் பெரிது. போட்டது போட்டபடி அவர் கிளம்பவும் இல்லை. அவருக்குப் பின் தேவ் இட்டிசெரியா என்பவர் பொறுப்பேற்க ஏற்பாடாகியிருந்தது. தானும் துணைத் தலைவராக உடனிருந்து உதவினார். இனி இப்படியொரு பதவி கிடைக்காமலே போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மாதச் சம்பளம் நின்றால் அடுப்பெரியாத வீட்டில் இப்படி விலக முடியாது. அதனால்தான் பிறருக்கு வேலை கொடுக்கும் இடத்துக்கு வருபவர்களின் பொறுப்பு கூடுகிறது. நாளை நீ அங்கே வரும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்கும் ஆணிடம் "வீட்டில் அம்மா இல்லையா?" என்று கேட்காதே. நேர்காணலுக்கு வரும் பெண்ணிடம் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்காதே. அந்தக் கேள்வியை உன்னிடம் கேள், ஆண்டுக்கொருமுறையாவது கேள். வரும் பதில் பிடிக்காவிட்டால், வேலையை மாற்றியமைக்கும் துணிவும் உனக்கு வேண்டும்.

அன்புடன்,
மாமா