எந்தக் கதவைத் தட்டுவது? ‘டாக்டர் ஹூ’ தொடருக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்னுரை

நாலு நண்பர்கள் ஒரு கதையைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போது, நடுவில் அமர்ந்து விழித்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். எனக்கு அது புகுமுக வகுப்பில் வாய்த்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றுவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி எடுத்து வைத்திருந்த நேரம். மலாயும் ஆங்கிலமும் நாவில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தன. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் ஒரு மேசையில் இரண்டு மூன்று மாணவர்கள் ஏதோ ஒரு நீலப் பெட்டியைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் துணிந்து, “அது என்ன கதை?” என்று கேட்டுவிட்டேன். “முதலிலிருந்து பார்த்தால்தான் உனக்குப் புரியும்” என்றான் ஒருவன். எத்தனை அங்கங்கள் இருக்கின்றன என்று கேட்டேன். “எண்ணூறு இருக்கும்” என்றான். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

அவர்கள் பேசியது ‘டாக்டர் ஹூ’ எனும் பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரைப் பற்றி. பின்னாளில் நான் அத்தொடரின் தீவிர இரசிகன் ஆனேன் என்பது வேறு கதை. இவ்வளவு நீண்ட தொடரைப் புதிதாகப் பார்க்க விரும்புபவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தொடரின் அமைப்பு

‘டாக்டர் ஹூ’ பிபிசி தொலைக்காட்சியில் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் முதன்முதலில் ஒளியேறியது. 1989 வரை 26 பருவங்கள் ஓடி நின்றது. 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் வந்தது. பிறகு 2005இல் தொடர் புத்துயிர் பெற்றது.

கதையின் அடிப்படை எளிமையானது. வேற்றுலகவாசி ஒருவர் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். அவருக்குப் பெயர் ‘டாக்டர்’ மட்டுமே. அவருடைய வாகனம் ‘டார்டிஸ்’. பொதுமக்கள் காவல்துறையைத் தொலைபேசியில் அழைப்பதற்காக அக்காலத்தில் பிரிட்டனின் தெருக்களில் நின்ற நீலப் பெட்டியின் வடிவில் அது இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். உள்ளேயோ ஒரு மாளிகையே அடங்கும். டாக்டரோடு பெரும்பாலும் பூமியைச் சேர்ந்த ஒருவரோ இருவரோ துணையாகச் செல்வர்.

இத்தொடரின் நீண்ட ஆயுளுக்குக் காரணமான உத்தி 1966இல் பிறந்தது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நிலை தளர்ந்தபோது, தொடரை நிறுத்தாமல், டாக்டரின் இனத்தார் மரணத் தறுவாயில் உருமாறி வேறோர் உடலைப் பெறுவர் என்று கதையமைத்தார்கள். பாட்ரிக் ட்ரௌட்டன் இரண்டாம் டாக்டரானார். நினைவு அதே; முகமும் குணமும் வேறு. அன்று முதல் ஒவ்வொரு புதிய முகம் வரும்போதும் தொடர் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. ஆகவே இந்த வீட்டுக்கு வாசல்கள் பல. நமது கேள்வி, அவற்றில் எது புதியவருக்கு ஏற்ற வாசல் என்பதே.

2. முதலிலிருந்தே தொடங்கலாமா?

‘முதலிலிருந்து பார்’ என்பதுதான் பெரும்பாலான இரசிகர்கள் சொல்லும் அறிவுரை. அதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, அளவு. 1989 வரை ஒளியேறியவை மட்டும் ஏறக்குறைய 700 அங்கங்கள். பெரும்பாலானவை 25 நிமிட நீளம். நாளுக்கு இரண்டு அங்கங்கள் பார்த்தாலும் ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். அதற்குப் பிறகுதான் 2005ஐ எட்டுவோம்.

இரண்டாவது, வேகம். பழைய தொடரில் ஒரு கதை நான்கு, ஆறு, ஏழு அங்கங்களுக்கு நீளும். வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கென்று எழுதப்பட்டவை அவை. அடுத்தடுத்துப் பார்த்தால் சலிப்புத் தட்டும்.

மூன்றாவது, அந்தப் பாதையே முழுமையாக இல்லை. ஒளிநாடாக்கள் விலை மிகுந்தவையாக இருந்த 1960, 1970களில் பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டது. அவற்றுள் ‘டாக்டர் ஹூ’ அங்கங்களும் அடங்கும். சில பின்னர் வெளிநாடுகளில் கிடைத்தன. 1967இன் ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ 1991இல் ஹாங்காங்கிலிருந்து மீண்டது. நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது அங்கங்கள் 2013இல் அறிவிக்கப்பட்டன. எனினும் 1964இன் ‘மார்கோ போலோ’ போன்ற கதைகளுக்கு, அக்கால இரசிகர்கள் வீட்டில் பதிவு செய்து வைத்த ஒலி மட்டுமே எஞ்சியது. அதாவது, வரிசை தவறாமல் பார்ப்பேன் என்று சபதம் செய்தவர்கூட முதல் பருவத்திலேயே ஒரு பள்ளத்தில் விழுவார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். பல்கலைக்கழக விடுதியில் ஆறு பேரைக் கூட்டி, மடிக்கணினியைச் சுவரோரம் வைத்து, 1963இன் முதல் கதையைப் போட்டேன். முதல் அங்கத்தை எல்லாரும் வியந்து பார்த்தார்கள். அடுத்த மூன்று அங்கங்கள் முழுக்கக் குகைவாசிகள் நெருப்புக்காகச் சண்டையிடும் கதை. இரண்டாம் வாரம் மூவர் வந்தனர். மூன்றாம் வாரம் நானும் மின்விசிறியும்தான் மிச்சம்.

அந்த அறுவரில் முதலாமாண்டு தங்கை ஒருத்தியும் இருந்தாள்; என்னைப் போலவே தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவள். பிறகு நூலகத்தில் பார்த்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். “இதெல்லாம் எனக்குப் புரியாது அண்ணே. இங்கிலீஷ் நல்லா வந்தவங்களுக்குத்தான் இது” என்றாள். அந்தச் சொல் என்னைச் சுட்டது. தொடர் சலிப்பாக இருந்தது என்று அவள் சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். குறை தன்னிடம் இருப்பதாக நினைத்துவிட்டாள். பதின்மூன்று வயதில் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த அதே மேசையிலிருந்து, இப்போது நானே ஒருத்தியை எழுப்பி அனுப்பிவிட்டேன்.

3. பரிந்துரை: 2005ஆம் ஆண்டின் முதல் பருவம்

என் பரிந்துரை, 2005 மார்ச் 26ஆம் நாள் ஒளியேறிய ‘ரோஸ்’ எனும் அங்கம். இதை எழுதியவர் ரஸல் டி டேவிஸ். டாக்டராக நடித்தவர் கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன். பதினாறு ஆண்டுகள் தொடராக வராத ஒன்றை, அதைப் பார்த்தேயிராத ஒரு தலைமுறைக்கு அறிமுகப்படுத்த வேண்டிய நிலையில் டேவிஸ் இருந்தார். அவர் அதை எப்படிச் செய்தார் என்பது நாம் பாடமாகவே படிக்கத்தக்கது.

கதை டாக்டரிடமிருந்து தொடங்குவதில்லை. லண்டனில் தாயுடன் அடுக்குமாடி வீட்டில் வாழும், துணிக்கடையில் வேலை செய்யும் பத்தொன்பது வயது ரோஸ் டைலரிடமிருந்து தொடங்குகிறது. கடையின் அடித்தளத்தில் பொம்மைகள் உயிர்பெற்று அவளை நெருங்குகின்றன. யாரோ ஒருவர் அவள் கையைப் பற்றி, ஓடு என்கிறார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போதே நாமும் தெரிந்துகொள்கிறோம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பொம்மைகள் 1970இலேயே தொடரில் வந்த பழைய எதிரிகள். பழைய இரசிகர் அவற்றைக் கண்டு மகிழ்வார். தெரியாதவருக்கோ எந்த நட்டமும் இல்லை. பழையவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. புதியவருக்கு எதுவும் குறையவில்லை. நல்ல வாசலின் இலக்கணம் இதுதான் எனலாம்.

அடுத்த இரண்டு அங்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் அமைப்பு இன்னும் தெளிவாகும். முதல் அங்கம் நிகழ்காலம். இரண்டாவது, ஐநூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் பூமி அழியும் நாள். மூன்றாவது, 1869ஆம் ஆண்டின் கார்டிஃப் நகரம். அங்கே எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் வருகிறார். இந்தத் தொடர் எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதை மூன்றே அங்கங்களில் காட்டிவிடுகிறார்கள்.

ஆறாவது அங்கமான ‘டாலெக்’ இன்னொரு சான்று. டாலெக் என்பது 1963 டிசம்பரிலேயே வந்த, தொடரின் மிகப் புகழ்பெற்ற எதிரி. இங்கே ஒரே ஒரு டாலெக், நிலத்தடி அருங்காட்சியகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடக்கிறது. அதைக் கண்டதும் டாக்டர் நடுங்குகிறார். ரோஸ் இரக்கப்பட்டுத் தொடுகிறாள். நாற்பதாண்டு முன்கதையை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்த நடுக்கமே சொல்லிவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கணினி வரைகலை பழசாகிவிட்டது. நான்காவது, ஐந்தாவது அங்கங்களில் வரும் பச்சை நிற வேற்றுலகவாசிகள் ஓயாத வயிற்றுக் கோளாறோடு திரிகிறார்கள். அந்த நகைச்சுவை சிறுவர்களுக்கானது. பொறுத்துக்கொண்டு கடந்தால், 1941இன் குண்டுவீச்சுக் கால லண்டனில் நிகழும் ஒன்பதாவது, பத்தாவது அங்கங்கள் காத்திருக்கின்றன. பதின்மூன்று அங்கங்கள் சேர்ந்தும் பத்து மணி நேரத்தைத் தாண்டாது.

4. பிற வாசல்கள்

அ) 2010: ‘தி லெவன்த் ஹவர்’. மாட் ஸ்மித் டாக்டராக அறிமுகமாகும் அங்கம். டாக்டர், துணை, தலைமை எழுத்தாளர் என எல்லாமே புதிது. படுக்கையறைச் சுவரில் விரிசல் கண்டு அஞ்சும் ஒரு சிறுமியிடம், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று டாக்டர் சொல்லிச் செல்கிறார். திரும்பி வரும்போது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 2005இன் தோற்றம் பிடிக்காதவர்களுக்கு இதுவே சிறந்த மாற்று.

ஆ) 2007: ‘பிளிங்க்’. பலரும் முதலில் காட்டும் அங்கம் இது. கண் இமைத்தால் நெருங்கிவரும் கற்சிலைகளின் கதை; ஹ்யூகோ விருது பெற்றது. ஆயினும் முதல் அங்கமாக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதில் டாக்டர் சிறிது நேரமே வருகிறார். கதையைத் தாங்கும் சாலி ஸ்பாரோ அடுத்த அங்கத்தில் இருக்க மாட்டாள். பார்த்தவர் ‘பிளிங்க்’கை விரும்புவார், தொடரைத் தேடி ஏமாறுவார்.

இ) 2018: ‘தி வுமன் ஹூ ஃபெல் டு எர்த்’. ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக வரும் பருவத்தின் தொடக்கம். முன்கதை எதுவும் தேவையில்லை. அதே பருவத்தில் வரும் ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது நடக்கும் ஒரு திருமணத்தைப் பற்றியது. வரலாறு பயிலும் நண்பர்கள் தவறவிடக் கூடாது.

ஈ) அண்மைய அங்கங்கள். இன்றிலிருந்து தொடங்கலாமே என்பாரும் உண்டு. 2025 மே 31ஆம் நாள் ஒளியேறிய ‘தி ரியாலிட்டி வார்’ அங்கத்தின் கடைசி நொடியில் ஒரு முகம் தோன்றும். யாருடைய முகம் என்று இங்கே சொல்ல மாட்டேன். 2005ஐப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுவார். பார்க்காதவர், இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்பார். அந்தத் துள்ளலை இழக்காதீர்கள்.

5. பழையவற்றுக்கு எப்போது செல்வது?

இரண்டு மூன்று டாக்டர்களோடு பழகிய பின் பழைய தொடருக்குத் திரும்பலாம். அப்போதும் வரிசை வேண்டாம். 1970இன் ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ வண்ணத்தில் வந்த முதல் கதை. ‘ரோஸ்’ அங்கத்தின் பொம்மைகளை இங்கே சந்திக்கலாம். 1975இன் ‘ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’, கொடிய இனம் ஒன்றை அது பிறக்கும் முன்பே அழிக்க நமக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை எழுப்புகிறது. 1979இன் ‘சிட்டி ஆஃப் டெத்’ பாரிஸ் நகரில் நடக்கும் கலகலப்பான கதை.

அதற்குப் பின் 1963இன் முதல் அங்கத்தைப் பாருங்கள். அதை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு வயது 24. அந்த அங்கமும் டாக்டரிடமிருந்து தொடங்கவில்லை. புதிரான ஒரு மாணவியைப் பின்தொடர்ந்து பழைய பொருள் கிடங்குக்குள் நுழையும் இரண்டு ஆசிரியர்களின் கண்வழியே தொடங்குகிறது. ஆக, இத்தொடரைப் படைத்தவர்கள் முதல் நாளிலேயே புதியவரின் கையைப் பற்றித்தான் உள்ளே அழைத்துப் போனார்கள். ‘முதலிலிருந்து பார்’ என்று நிபந்தனை விதித்தவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

6. சில நடைமுறைக் குறிப்புகள்

ஆங்கில எழுத்து வரிகளை இயக்கிக்கொள்ளுங்கள். எக்கல்ஸ்டன் வட இங்கிலாந்து வழக்கிலும், ரோஸ் லண்டன் பேச்சு வழக்கிலும் பேசுவார்கள். ஆங்கிலத்தில் வல்லவர்களுக்கும் சில சொற்கள் நழுவும். முதல் மூன்று அங்கங்களைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். உடன் பார்க்கும் பழைய இரசிகர், கேட்டால் மட்டும் விளக்கம் சொல்ல வேண்டும்.

முடிவுரை

சென்ற பருவத் தேர்வு முடிந்த வாரம், அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டு ‘ரோஸ்’ அங்கத்தைக் காட்டினேன். எழுத்து வரிகளோடு பார்த்தாள். நான் எதையும் விளக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் சிரமமாக இருந்தது. முடிந்ததும், “அடுத்தது இருக்கா அண்ணே?” என்றாள். இப்போது அவள் என்னை முந்திவிட்டாள். நான் இன்னும் பார்க்காத பழைய கதைகளைப் பற்றி எனக்கே சொல்கிறாள்.

ஆகவே, இத்தொடரைப் புதிதாகப் பார்க்க வருபவர் 2005இல் தொடங்குவதே நன்று. ஏற்கெனவே பார்த்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நம் மேசைக்கு ஒருவர் வந்து “அது என்ன கதை?” என்று கேட்டால், எண்ணிக்கையைச் சொல்லி விரட்டாமல், நாற்காலியை இழுத்துப் போடுவோம்.