கையில் ஸ்பேனர் உண்டு. எந்தப் பழைய செடானை வாங்குவது?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். பைக் வேலைகளை நானே பார்ப்பேன். கிளட்ச் பிளேட், டேப்பட் செட்டிங், கார்புரேட்டர் வரை கை வைத்துப் பழக்கம். அடுத்து கார் வேலை கற்றுக்கொள்ள ஆசை. கையில் 3.5 லட்சம் ரூபாய் இருக்கிறது. அப்பா, அம்மாவை ஊருக்கு அழைத்துப் போக டிக்கி பெரிதாக உள்ள பெட்ரோல் செடான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறினால் எனக்கும் உற்சாகமாக இருக்க வேண்டும். வீட்டில் வேறு கார் கிடையாது. ஃபோர்டு ஃபியஸ்டா 1.6, ஹோண்டா சிட்டி, ஃபியட் லீனியா டி-ஜெட், ஃபோக்ஸ்வேகன் வென்டோ டிஎஸ்ஐ: இந்த நான்கில் எதை வாங்கலாம்?

பதில்: வீட்டில் வேறு கார் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிலைத் தீர்மானித்தது அந்த வரிதான். ஞாயிறு காலை பிரித்த வண்டி திங்கள் காலை கிளம்பியாக வேண்டும். வாங்கப் போன உதிரிபாகம் கடையில் இல்லையென்றால் அப்பாவின் ஆஸ்பத்திரிப் பயணம் நின்றுவிடும். அதனால் 2008 கடைசியிலிருந்து 2013 வரை விற்ற ஹோண்டா சிட்டி 1.5, ஐ-விடெக், ஐந்து கியர் மேனுவல். அதை வாங்குங்கள்.

மற்ற மூன்றும் மோசமான வண்டிகள் இல்லை. லீனியா டி-ஜெட்டின் 114 குதிரைத்திறன் டர்போ இன்ஜின் மலைப்பாதையில் இழுக்கும் இழுவையை நானும் மிகவும் ரசிப்பவன். ஆனால் ஃபியட் நம் நாட்டில் கார் விற்பனையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. சின்ன சென்சாருக்குக்கூடக் காத்திருக்க நேரலாம். வென்டோ டிஎஸ்ஐயில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக்ஸ் பழுதானால், உங்கள் மொத்தத் தொகையில் பெரும் பகுதி அதற்கே போய்விடும். கார் வேலை பழகுகிறவர் முதலில் கை வைக்க வேண்டிய இடமும் அது இல்லை.

ஃபியஸ்டா 1.6தான் மனதைக் குழப்பும். மறைமலை நகரில் தயாரான வண்டி. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்பதால் முன்சக்கரம் தரையில் என்ன செய்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சிட்டியைவிட இதுதான் அதிக மகிழ்ச்சி தரும்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2021இல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. புஷ், பிரேக் பேட் போன்றவை இன்னும் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட் வகையறாவைத் தேடி அலைய வேண்டும். இன்னொன்று, இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் வாங்கியவுடனே மாற்றியாக வேண்டும். அதை முதல் வேலையாகச் செய்து பழகச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு இரண்டாவது வண்டி வரும் நாளில் ஒரு நல்ல ஃபியஸ்டாவைத் தேடுங்கள்.

சிட்டியில் டைமிங் செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் அதைப் பற்றிய கவலை குறைவு. 118 குதிரைத்திறன் முழுதாக வருவது 6,600 ஆர்பிஎம்மில்; அதனால் இரண்டாவது கியரில் முள்ளை மேலே ஏற்றி ஓட்டும்போதுதான் இந்த இன்ஜினின் சுகம் தெரியும். உங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: இதில் ஹைட்ராலிக் டேப்பட் இல்லை. பைக்கில் செய்ததைப் போலவே ஃபீலர் கேஜ், ஸ்க்ரூ, லாக் நட் வைத்து நீங்களே செட்டிங் செய்யலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அளவுகளை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாடலைவிட எந்த வண்டி என்பதில்தான் உங்கள் உழைப்பு இருக்கட்டும். பார்க்கப் போகும்போது இன்ஜினை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் நிறக் களிம்பு இருந்தால் கூலன்ட் உள்ளே கலந்திருக்கலாம். கேஸ்கெட் வேலை வைக்கும். கம்ப்ரஷன் கேஜ் போட்டு நான்கு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு வண்டி பார்க்கலாம். மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் கையில் இருக்கட்டும். எச்சரிக்கை விளக்கை நேற்றுதான் அழித்திருந்தால், வண்டி தன் சுய பரிசோதனைகளை முடிக்கவில்லை என்பதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னைப் பதிவெண் கொண்ட வண்டி என்றால் கூடுதல் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எத்தனையோ கை மாறி வெளியூர்களுக்குப் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாளம், கார்பெட்டின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களில் துருவும் மண்ணும் தங்கும். மூழ்கிய வண்டியின் ஒயரிங்கை எவ்வளவு பெரிய திறமைசாலியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

காகித விஷயத்துக்கு வருகிறேன். 2010இல் பதிவான காருக்கு 2025இல் 15 ஆண்டு முடிந்துவிடும். பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணமும் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி. ஆகவே 2012, 2013 மாடலாகத் தேடுங்கள். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துச் சிட்டிகள் பலவற்றில் இருந்த, டகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக்குகளை ஹோண்டா திரும்பப் பெற்று இலவசமாக மாற்றித் தந்தது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, உங்கள் வண்டியில் அது முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். ஏர்பேக்கில் மட்டும் நீங்கள் கை வைக்கக் கூடாது.

விலை 2.8 லட்சத்தைத் தாண்ட வேண்டாம். மீதி 70 ஆயிரத்தை முதல் இரண்டு மாத வேலைகளுக்கு ஒதுக்கிவையுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றுங்கள். எரிபொருள் ரப்பர் குழாய்களையும் பாருங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். வயதான ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அடுத்து லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர். பழைய சிட்டி வளைவில் தளர்வாக ஆடுகிறது என்று குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் தேய்ந்த புஷ்ஷைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

கருவிகளில் டார்க் ரெஞ்சும் இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்டும் முதலில் வாங்குங்கள். பைக்குக்கு சென்டர் ஸ்டாண்டு போதும். கார் ஆயிரம் கிலோவுக்கு மேல். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள்.

மிச்சப் பணம் டயருக்கு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயரோடு ஏற்காடு ஏற வேண்டாம்.