காய்ச்சலும் சர்க்கரையும்: இன்சுலின் சுரப்பில் வைரசுத் தொற்றின் பங்கு

"ஒரு காய்ச்சல் வந்தது, அது போன கையோடு பிள்ளைக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது" என்று பெற்றோர் சிலர் கூறக் கேட்கிறோம். இதனை அறியாமையின் பேச்சென்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. மருத்துவ அறிஞர்களும் நெடுங்காலமாக இதே ஐயத்தைத்தான் ஆராய்ந்து வருகின்றனர். பொன்னுக்கு வீங்கி கண்டவர்க்குப் பின்னர் நீரிழிவு தோன்றியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே குறித்து வைத்துள்ளனர். குளிர் நாடுகளில், சளிக்காய்ச்சல் மிகும் மாதங்களில் குழந்தைகளின் நீரிழிவு மிகுதியாகக் கண்டறியப்படுவதும் இவ்வையத்தை வலுப்படுத்தியது.

நம் வயிற்றினுள் இரைப்பைக்குப் பின்னே கிடப்பது கணையம். அதனுள் தீவுகள் போல் சிதறிக்கிடக்கும் உயிரணுத் திட்டுகளை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் செர்மானிய மாணவர் விளக்கினார். அத்திட்டுகளிலுள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. குருதியில் ஓடும் குளுக்கோசைத் தசையும் கொழுப்பும் ஏற்றுக்கொள்ளத் துணைநிற்பது இன்சுலின். பீட்டா உயிரணுக்கள் அழிந்தொழிவது முதல்வகை நீரிழிவு. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்க்காமல், நாளடைவில் சுரப்பும் குன்றுவது இரண்டாம் வகை. வைரசு இவ்விரு வகையிலும் குறுக்கிடுகின்றது. ஆயினும் குறுக்கிடும் முறை வேறு வேறு.

முதல்வகையைப் பொறுத்தவரை மிகுந்த ஐயத்துக்குரியது காக்சாக்கி வைரசு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் இது. 1948இல் அவ்வூர்க் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டதால் ஊரின் பெயரே வைரசுக்கும் ஆயிற்று. 1979இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நலமாயிருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சளிக்காய்ச்சல் போன்ற நோய்க்குப் பின் சில நாள்களிலேயே கடும் நீரிழிவு மயக்கத்துக்கு ஆளாகி இறந்தான். அவனது கணையத்திலிருந்து காக்சாக்கி பி4 வகையைச் சார்ந்த வைரசைப் பிரித்தெடுத்தனர். அதனைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் பீட்டா உயிரணுக்கள் சிதைந்து குருதிச் சர்க்கரை ஏறியது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது போன்ற நிகழ்ச்சி இது.

எனினும் எல்லா நோயாளிகளிடமும் கதை இவ்வளவு நேரானதன்று. வைரசு நேரே உயிரணுவைக் கொல்வதைக் காட்டிலும், நம் உடலின் எதிர்ப்பாற்றலையே திசைமாற்றிவிடுவதுதான் பெரும்பான்மை என்று கருதுகின்றனர். காக்சாக்கி பி வைரசுகள் உயிரணுவினுள் நுழையப் பயன்படுத்தும் புரத வாயில் பீட்டா உயிரணுக்களில் மிகுதியாக உண்டு. உள்ளே புகுந்த பகைவனைத் தேடி வரும் காவற்படை, பகைவன் தங்கிய வீட்டையும் சேர்த்து இடித்துவிடுகின்றது. மரபுவழி ஏதுநிலை உடைய சிலரிடமே இது நேர்கின்றது. வைரசு தொற்றிய கோடிக்கணக்கானோர் யாதொரு கேடுமின்றிப் பிழைத்துக்கொள்கின்றனர்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இவ்வழிவு ஒரு வாரத்தில் முடிவதன்று; மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கமுக்கமாக நடப்பது. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, என்டிரோவைரசு குழந்தைகளின் குடலில் நெடுநாள் தங்குவதற்கும், கணையத் திட்டுகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் தோன்றுவதற்கும் தொடர்பு கண்டது. ஆகவே, நோய் வெளிப்படுமுன் வந்த கடைசிக் காய்ச்சலே காரணமென்று உறுதியாகக் கூற இயலாது. எஞ்சிய சில பீட்டா உயிரணுக்களைக் கொண்டு ஓடிக்கொண்டிருந்த உடலுக்குக் காய்ச்சலின்போது இன்சுலின் தேவை கூடுகின்றது. அப்போது பற்றாக்குறை வெளிப்பட்டுவிடுகின்றது. பிள்ளைக்கு ஊசி போடுமிடத்தில் அமர்ந்து, "அன்று மழையில் நனைய விட்டேனே" என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டும்.

கருவிலேயே நேரும் கேடும் உண்டு. ரூபெல்லா கருவுற்ற தாயைத் தொற்றினால் குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியன பழுதுறும். அவ்வாறு பிறந்தோருள் சிலர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவும் தோன்றியுள்ளது. இதற்குத் தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பரவிய வதந்திகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அவற்றை நம்பிப் பிள்ளைகளைத் தடுத்து வைத்தவருள் படித்தவர்களும் இருந்தனர் என்பதே வருத்தம்.

இனி, முன்னரே நீரிழிவு உள்ளவர் நிலை. எந்த வைரசுக் காய்ச்சலானாலும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின் முதலிய சுரப்புகளைப் பெருக்குகின்றது. இவை கல்லீரலைத் தூண்டிக் குளுக்கோசை வெளியிடச் செய்வதோடு, இன்சுலினின் வேலையையும் மழுங்கடிக்கின்றன. உண்ணாமற் படுத்திருந்தாலும் சர்க்கரை ஏறும் விந்தை இதனாலேயே. 2020இல் பரவிய கொரோனாத் தொற்றில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். உயிர்காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் சர்க்கரையை ஏற்ற, 2021இல் கட்டுப்பாடற்ற நீரிழிவுடையோரைக் கரும்பூஞ்சை நோய் தாக்கிப் பலர் கண்ணையும் உயிரையும் பறித்தது.

இன்சுலின் ஊசி போடும் பிள்ளை காய்ச்சலில் உண்ண மறுத்தால், "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?" என்று நிறுத்திவிடும் வழக்கம் வீடுகளில் உண்டு. இதனினும் பெரிய இடர் வேறில்லை. அளவை மருத்துவர் கூட்டவோ குறைக்கவோ செய்வார். அடிப்படை இன்சுலினை முற்றிலும் நிறுத்துதல் கூடாது. மாத்திரை உண்போர் நிலை வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளபோது சில மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டியும் நேரலாம். அதனையும் மருத்துவரே கூற வேண்டும். சில மணிக்கொரு முறை சர்க்கரையைச் சோதித்து, நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துவர வேண்டும்.

நீரிழிவு இல்லையென்று எண்ணியிருக்கும் பிள்ளையானாலும், காய்ச்சல் தணிந்த பின்னும் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், பழக்கம் விட்டுப்போன பின் மீண்டும் படுக்கையை நனைத்தல், உடல் மெலிவு ஆகியவை தோன்றினால், காய்ச்சலின் களைப்பென்று காத்திராமல் அன்றே விரல் நுனிக் குருதியில் சர்க்கரை பார்க்க வேண்டும். வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் பழவாடை எனில் கீட்டோன் நச்சு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது விடியட்டும் என்று காத்திராமல் இரவோடிரவாக மருத்துவமனை சேர்க்க வேண்டும்.