உப்பை ஒதுக்கும் நானோ வாசல்

நம் வீட்டு ஆர்.ஓ. கருவி, நீரை அழுத்தித் தள்ளி ஒரு சவ்வின் வழியே கசியவிடுகிறது, உப்பு பின்தங்கிவிடுகிறது. நீரை அதன் போக்கில் விட்டு, உப்பை மட்டும் ஒதுக்க முடியுமா? முடியும் என்று 2010-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோங்யூன் ஹான் குழுவினர் ஒரு சிறு சில்லில் செய்து காட்டினர்.

உப்பு நீரில் கரைந்ததும் சோடியம் நேர்மின் அயனியாகவும் குளோரைடு எதிர்மின் அயனியாகவும் பிரிவதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். கண்ணாடிச் சுவர் நீரில் நனையும்போது எதிர்மின்னேற்றம் பெறுகிறது. ஆகவே நேர்மின் அயனிகள் சுவரோரம் மொய்க்கின்றன. லிட்டருக்கு சுமார் 60 மில்லிகிராம் உப்புள்ள நீரில் இந்தப் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 10 நானோமீட்டர். தலைமயிரின் பருமனோ சுமார் 80,000 நானோமீட்டர். அவ்வளவு அகலமான குழாயில் இப்படலம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் குழாயே 20 நானோமீட்டர்தான் என்றால்? இரு பக்கப் படலங்களும் நடுவில் முட்டிக்கொள்ளும். சோடியம் தாராளமாக நுழையும். குளோரைடுக்கு இடம் கிடைக்காது.

இனி இரண்டு அகன்ற குழாய்களை இத்தகைய வாசலால் இணைத்து மின்னழுத்தம் கொடுப்போம். நேர்மின்முனை உள்ள பக்கத்தில், சோடியம் வாசல் வழியே வெளியேறுகிறது. குளோரைடோ வாசலைவிட்டு விலகி நேர்மின்முனையை நோக்கிப் போகிறது. இரண்டும் போய்விடவே, வாசலருகே உப்பு வறண்ட பகுதி உண்டாகிறது. மறுபக்கத்தில் உப்பு குவிகிறது. வறண்ட பகுதி தொடங்கும் இடத்தில் நீரோட்டத்தை இரு கிளையாகப் பிரித்தால், ஒன்றில் நன்னீர், மற்றதில் உப்புநீர்.

கடல்நீரில் படலம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. எனவே வெறும் கண்ணாடி வாசல் போதாது; அங்கே நாஃபியான் என்ற சவ்வை வைத்தார்கள். குடிக்கும் நீர் அதைக் கடப்பதே இல்லை என்பதுதான் இதன் அழகு. சவ்வு அடைபடும் தொல்லை குறைகிறது. மின்னேற்றமுள்ள பாக்டீரியாவும் உப்போடு சேர்ந்தே ஒதுங்குகிறது.

2022-இல் இதே குழுவினர், 10 கிலோவுக்கும் குறைவான ஒரு பெட்டியை பாஸ்டன் கடற்கரையில் சோதித்தனர். மணிக்கு 0.3 லிட்டர் குடிநீர். லிட்டருக்குச் செலவு 20 வாட்-மணி மின்சாரம். நாள் முழுதும் ஓடினாலும் 7 லிட்டர்தான். குடும்பத்துக்குப் போதாது, நடுக்கடலில் படகு நின்றுபோனவருக்கு அதுவே உயிர்.

இன்னொன்றும் உண்டு. மின்னேற்றம் இல்லாததை இந்த வாசல் கண்டுகொள்ளாது. மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக்கின் ஒரு வடிவம் அத்தகையது. அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.