ஓவியம் எழுத்துருவாகும் போது: ‘உபுவும் உண்மை ஆணைக்குழுவும்’

மாணவர்களே, நாடகத்தில் ஓவியத்தின் பங்கு யாது என வினவினால் உங்களிற் பலர் “காட்சிக்கு அழகூட்டல்” என ஒரே வரியில் விடை எழுதிவிடுகிறீர்கள். பின்திரை தீட்டுவதற்கு அது பொருந்தலாம். சமகால அரங்கிலோ ஓவியம் எழுத்துருவின் பகுதியாகவே அமைவதுண்டு. ஓர் உதாரணத்தை நோக்குவோம்.

தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994 இல் முடிவுற்றது. அக்காலக் கொடுமைகளை ஆராயும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, பேராயர் டெஸ்மன்ட் டுட்டுவின் தலைமையில் 1996 இல் பகிரங்க விசாரணைகளை ஆரம்பித்தது. அரசியல் நோக்குடன் குற்றம் செய்தவர் முழு உண்மையையும் கூறினால் மன்னிப்புப் பெற இடமிருந்தது. பிள்ளையை இழந்த தாயும் அங்கு சாட்சி சொன்னாள். இவ்விரு குரல்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவது எவ்வாறு?

1997 இல் ஜேன் ரெய்லர் எழுத்துருவை ஆக்க, ஓவியர் வில்லியம் கென்ரிட்ஜ் நெறிப்படுத்தினார். ஹான்ட்ஸ்பிரிங் பாவைக் குழு பாவைகளை வழங்கியது. உபு என்பவன் அல்பிரட் ஜாரியின் 1896 ஆம் ஆண்டு பிரெஞ்சு நாடகத்தில் வரும் கொடுங்கோலன். இங்கு அவன் இரவில் கொலை செய்துவிட்டு வீடு திரும்புபவன். மனைவியோ அவனுக்கு வேறு பெண்ணுடன் தொடர்பு என ஐயுறுகிறாள்!

உபு குளிக்கிறான். தான் செய்ததை அவன் வாயாற் கூறுவதில்லை. பின்னாலுள்ள திரையில், கென்ரிட்ஜ் வரைந்த அசையும் ஓவியத்தில், மனித உடலின் எச்சங்கள் நீரோடு வழிந்து செல்கின்றன. பாத்திரம் மறைப்பதை ஓவியம் சொல்கிறது. கென்ரிட்ஜின் முறையையும் கவனியுங்கள். ஒரே தாளில் வரைந்து, படம்பிடித்து, சற்று அழித்து, மீண்டும் வரைந்து படம்பிடிப்பார். அழித்த கோட்டின் தடம் தாளில் எஞ்சியிருக்கும். குற்றத்தின் தடயத்தை அழிக்க முயல்பவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை எனலாம். சான்றுப் பத்திரங்களைத் தின்பதற்கு ஒரு முதலைப் பாவையும் உண்டு.

உபுவும் மனைவியும் நடிகர்கள்; சாட்சிகளோ மரத்திற் செதுக்கிய பாவைகள். சாட்சியங்கள் உண்மையாகவே ஆணைக்குழு முன் கூறப்பட்டவை. அவற்றை ஒரு நடிகை அழுது பேசினால், “நன்றாக நடிக்கிறாள்” என்றே நாம் எண்ணக்கூடும். மரமுகம் அழுவதில்லை, சொல் மட்டுமே காதில் விழுகிறது. எமது பொம்மலாட்டத்தில் மறைந்து நிற்கும் இயக்குபவர், இங்கு சாட்சியின் அருகே வெளிப்படையாக நிற்கிறார்.

பயிற்சி: குளியற் காட்சியில் திரை ஓவியத்தை நீக்கினால் பார்வையோர் எதனை அறியாது போவர்? உமது விடையில் “அழகு” என்ற சொல்லைப் பயன்படுத்தாது எழுதுக.