மாதக் கடைசியில் தாழும் சர்க்கரை



நீரிழிவைப் பணக்காரர் நோய் என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. நோய் யாருக்கு வருகிறது என்பதோடு நில்லாமல், வந்த நோய் யாருடைய காலையும் கண்ணையும் முதலில் பறிக்கிறது என்று பார்த்தால் அவ்வழக்கின் பிழை விளங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, எதிர்பாராத இடத்தில் வறுமையைக் கண்டது. இரத்தச் சர்க்கரை அளவுமீறிக் குறைவதால் நடுக்கமும் குழப்பமும் மயக்கமும் உண்டாகும் தாழ்சர்க்கரை நிலைக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, வருமானம் குறைந்தோரிடையே மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 விழுக்காடு கூடியிருந்தது. வசதி படைத்தோரிடையே அந்த ஏற்றம் இல்லை. மாதத் தொடக்கத்தில் கிடைக்கும் பணமும் உணவு உதவியும் கடைசியில் தீர்ந்துவிட, மாத்திரை இருந்தும் சோறு இல்லாத நிலை உண்டாவதே இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகள், உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. முதுமையில் சிறுநீரகத்தின் திறன் குறைவதால் மருந்து உடலில் நெடுநேரம் தங்குகிறது; நடுக்கம், வியர்வை முதலிய முன்னறிகுறிகளும் மங்கிவிடுவதால், தனித்து வாழும் முதியவர் ஆபத்தை உணருமுன்பே தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள நேரிடும். அதற்கு அஞ்சியோ, மருந்தை நாள் கடத்த எண்ணியோ மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்பவருக்குச் சர்க்கரை ஏறி, நரம்பும் விழித்திரையும் மெல்லக் கெடுகின்றன. இவ்வாறு வருமானக் குறைவு ஒரே உடலை இரு திசையிலும் தள்ளுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனையோ, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்போது, கட்டுப்பாடு நன்றாக இருப்பதாகவே காட்டிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இம்மாத்திரைகளை இலவசமாகத் தருகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. இது பெரும் சாதனை. பேருந்துக்கும் துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலிக்கும் வழியின்றி மருந்தை நிறுத்திய முதியோர்க்கு இதன் அருமை நன்கு தெரியும். ஆயினும் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழ்பவருக்கு நியாயவிலைக் கடை அரிசி வயிற்றை நிரப்புமே தவிர, காய்க்கும் பருப்புக்கும் முட்டைக்கும் அந்தத் தொகை நெடுநாள் தாங்காது. உணர்ச்சி மரத்த பாதத்தில் புண் வந்தால் காலை ஊன்றாமல் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும், எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர்ச் செருப்பு அணிய வேண்டும் என்பதும் சரியான அறிவுரைகளே. அன்றாடக் கூலிக்குச் செல்லும் மூதாட்டி அந்த ஓய்வை எங்கிருந்து பெறுவார்?

ஆகவே, முதியவருக்கு மருந்து எழுதுபவர் மாதக் கடைசியில் வீட்டில் எத்தனை வேளை உலை ஏறுகிறது என்று கேட்டறிவது, சர்க்கரையை அளப்பதற்கு நிகரான மருத்துவச் செயலாகும். உணவு உறுதியில்லாத இடத்தில், தனியே உட்கொள்ளும்போது தாழ்சர்க்கரையை அரிதாகவே உண்டாக்கும் மெட்ஃபார்மின் போன்ற மருந்தைச் சிறுநீரகத்தின் நிலையறிந்து தேர்ந்தெடுக்கவும், தளர்ந்த முதியோர்க்கு எச்பிஏ1சி இலக்கை 7 விழுக்காட்டிலிருந்து 8 வரை தளர்த்திக்கொள்ளவும் மருத்துவ நெறிமுறைகள் இடமளிக்கின்றன.