கட்டணத்திற்குக் காக்கும் குதிரைகளும் உலர்புற் செலவும்

குதிரையைத் தாமே கட்டி ஆதரிக்க இடமும் ஆளுமற்ற உடையவர்கள், மாதம் இவ்வளவு என்று பேசி, கொட்டில் உள்ள ஒருவரிடம் அதனை ஒப்புவிப்பதுண்டு. செஞ்சிக் கோட்டையினுள் குதிரை லாயங்கள் இன்றும் நிற்கின்றன. அக்காலத்தில் தீனிச் செலவு அரசருடையது. மேல்மலையனூர்ப் பக்கத்தில் இன்று இத்தொழிலை ஏற்கக் கருதும் நிலச்சுவான்தாருக்கோ அச்செலவு தம்முடையதே. இதில் நஷ்டம் நேருவது பெரும்பாலும் கொள்ளினாலன்று, புல்லினாலேயாம்.

300 கிலோ எடையுள்ள குதிரைக்கு, அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம், நாளொன்றுக்கு 6 கிலோ ஈரமற்ற தீவனம் வேண்டும். நன்கு காய்ந்த புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்குமாதலால், தின்னவேண்டிய புல் ஏறத்தாழ 6.7 கிலோ. தரையில் வாரியிறைத்தால் ஐந்தில் ஒரு பங்கு மிதிபட்டும் சாணத்தில் தோய்ந்தும் வீணாவதாகக் கொள்வோம், அப்போது 8.3 கிலோ போடவேண்டும். மாதத்திற்கு 250 கிலோ. கிலோ பத்து ரூபாய் என்று கணக்கின் எளிமைக்காக வைத்தால், 2,500 ரூபாய். கயிற்று வலையிலோ ஆழமான தொட்டியிலோ இட்டு வீணாவதை இருபதில் ஒன்றாகக் குறைத்தால் 210 கிலோ போதும். ஒரு குதிரைக்கு மாதம் 400 ரூபாய் மிச்சம். வலையின் விலை சில மாதங்களிலேயே திரும்பிவிடும்.

புல்லைக் கட்டுக் கணக்கில் வாங்குவது தவறு. ஒரு கட்டுக்கும் மற்றொரு கட்டுக்கும் எடை ஒவ்வாது. எடை போட்டு வாங்கினும் ஈரத்தைக் கவனித்தல் வேண்டும். நூற்றுக்கு 25 ஈரமுள்ள புல்லை வாங்குவோர் கால் பங்கு பணத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார். அன்றியும் அது போரில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். 15க்கு மேல் ஈரம் இருத்தலாகாது. ஐப்பசி கார்த்திகை மழையில் அறுத்த புல்லை அவசரமாய்ப் போரிட்டு இழந்தவர் பலர்.

வைக்கோல் மலிவாயிற்றே என்பர். மாட்டிற்கு அது பொருந்தும். குதிரைக்கு அது மட்டுமே தீனியானால் குடலில் அடைத்து வயிற்றுவலி உண்டாகக்கூடும். குதிரை வாந்தியெடுக்க இயலாத பிராணி என்பதை மறத்தலாகாது. மாட்டுக்கென யூரியா கலந்து பதப்படுத்திய வைக்கோலைக் குதிரைக்கு இடவே கூடாது. வேர்க்கடலைக் கொடி இவ்வட்டாரத்தில் கிடைக்கும் சத்துள்ள பொருளாயினும், மண்ணும் பூஞ்சணமும் ஒட்டியிருப்பது விலக்கத்தக்கது. பூப்பருவத்தில் அறுத்துக் காயவைத்த அறுகு மேலானது. அதனுடன் சிறிது குதிரைமசால் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கூடும். பெயரே அதன் பயனைச் சொல்கிறது. ஆனால் அதற்கு இறவை நிலம் வேண்டும்.

தாமே புல் வளர்ப்போரும் அதனை இலவசமென்று எண்ணுகின்றனர். நூறு கிலோ பச்சைப் புல்லில் 75 பங்கு நீர் இருப்பின், உலர்ந்தபின் ஏறத்தாழ 28 கிலோவே மிஞ்சும். அறுப்புக்கூலி நூறு கிலோவுக்குக் கொடுத்தாகிறது. அதனைக் கணக்கிலேற்றாதவர் தம் நிலத்தைப் பிறர் குதிரைக்குத் தானம் செய்தவராவார்.

இனி உடன்படிக்கை. தை மாதத்தில் புல் மலிவாயிருக்கும்போது ஆண்டு முழுமைக்கும் ஒரே கட்டணம் பேசுவோர், வைகாசியில் கிலோ 15 ரூபாயானால் 2,500 ரூபாய்ச் செலவு 3,750 ஆவதைக் கண்டு திகைப்பர். அப்போது கை தானாகவே புல்லைக் குறைக்கும். நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் இயல்புடைய குதிரை, தீனி குறைந்தால் மரத்தைக் கடிக்கும், மண்ணைத் தின்னும், இரைப்பையில் புண் கொள்ளும். மெலிந்த குதிரையைக் கண்ட உடையவர் வழக்குக்கு வருவார். அவ்வழக்கு கிராம அலுவலர் வாசலுக்கே முதலில் வரும். ஆதலின் கொட்டில் வாடகையும் ஆள்கூலியும் ஒரு தொகையாகவும், புல்லை நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று எடையால் குறித்து, அம்மாதத்து விலைப்படி தனித் தொகையாகவும் எழுதிக்கொள்ளல் நன்று. குதிரை வந்த நாளில் மார்பின் சுற்றளவை நாடாவால் அளந்து, இருவர் கையொப்பத்துடன் அதே தாளில் பதிந்து, மாதந்தோறும் அளந்து வருதல் வேண்டும். தராசு ஒன்று கொட்டிலிலேயே தொங்கட்டும்.